தகவலாளி எண் மூன்று

நான் நான்கு ஆண்டுகள் ராயபுரத்தில் குடியிருந்துகொண்டே பாரிமுனையில் வசித்திருக்கிறேன். இதில் மாயம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் யாராவது "வீடு எங்கே?" என்று கேட்டால், என் வாய் தானாகவே "பாரிமுனைப் பக்கம்" என்று சொல்லிவிடும். அந்தப் 'பக்கம்' எவ்வளவு தூரம் நீளும் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (வடசென்னையிலிருந்து தெற்கே படிக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பாரிமுனையில்தான் இருப்பார்கள். அத்தனை பேர் குடியிருக்க அங்கே இடம் ஏது சாமி?)

முகவரி மட்டும்தான் பொய் என்றால்கூடப் பரவாயில்லை. தமிழிலும் இரண்டு வைத்திருந்தேன். வீட்டில் "யம்மா, சோறு கீதா?" என்று கேட்கும் அதே நாக்கு, பேருந்து ராயபுரம் பாலத்தைத் தாண்டியதும் "தாங்கள் உணவருந்திவிட்டீர்களா ஐயா?" என்று புரளும். கூடப் படித்த ஒருத்தி ஒருநாள், "உனக்குத் தஞ்சாவூரா?" என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை. வெட்கப்பட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

எங்களுடையது பண்பாட்டு ஆய்வுத் துறை. முனைவர் பட்டத்துக்காக அங்கே சேர்ந்திருந்தேன். மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடத்துவது துறையின் வழக்கம். பொது என்பது பெயரில் மட்டும்தான். முதல் வரிசையில் பேராசிரியர்கள், இரண்டாம் வரிசையில் வருகைப்பதிவுக்குப் பயந்த மாணவர்கள், கடைசி வரிசையில் மின்விசிறிக்கடியில் தூங்கும் அலுவலக ஊழியர். சமோசா வந்ததும் கூட்டம் இரண்டு மடங்காகும், தின்றதும் பாதியாகும். ஒவ்வொரு மாதமும் நான்தான் தொகுப்பாளினி. செந்தமிழ் மணக்கப் பேசுவேன் என்பதால் கிடைத்த பதவி.

துறைத்தலைவர் மங்கையர்க்கரசி அம்மா ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த சொற்பொழிவின் தலைப்பைச் சொன்னார். 'வடசென்னைப் பேச்சுவழக்கு: ஒரு மொழியியல் பார்வை.' பேசப் போகிறவர் பேராசிரியர் அறவாழி, வெளியூரிலிருந்து வரும் மொழியியல் அறிஞர். மேடையில் ஒலிக்கவிட அசல் பேச்சுப் பதிவுகள் மூன்று தேவை என்று கேட்டிருந்தார்.

"களப்பணி யார் போறீங்க? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் போகணும்" என்றார் அம்மா.

மற்ற மாணவர்கள் அமேசான் காட்டுக்கு அனுப்புவதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தியாகி போல எழுந்து நின்றேன்.

"நான் செல்கிறேன் அம்மா."

"உனக்கு அந்தப் பக்கம் பழக்கமே இல்லையேம்மா, சமாளிச்சுடுவியா?"

"முயல்கிறேன் அம்மா" என்றேன். (அடிப்பாவி!)

முதல் இரண்டு பதிவுகளை ஒரு மீன்பிடி வலைக்காரரிடமும் ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநரிடமும் முறையாகக் கேட்டு வாங்கினேன். மூன்றாவதுக்கு வெயிலில் அலையச் சோம்பலாக இருந்தது. வீட்டுக்கு வந்தால், அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டே பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சேர்த்து உலகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அலைந்து தேட வேண்டிய புதையல் அடுப்படியிலேயே இருந்தது. கைபேசியில் பதிவை ஓடவிட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். பதினெட்டு நிமிடம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் அம்மா பிலோமினாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது வயது ஐம்பத்தொன்று. பிளஸ் டூ தேறியவர். பங்குக் கோயிலின் மண்டபத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கிறார். கணவர், அதாவது என் அப்பா ராயப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், நல்ல திடகாத்திரமானவர்.

துறையில் ஒவ்வொரு தகவலாளிக்கும், அதாவது பேச்சைப் பதிவுசெய்யக் கொடுத்தவருக்கும், ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயருக்குப் பதில் எண் போட்டால் போதும். உண்மையை எழுதினால் யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அதனால் கற்பனையைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். தகவலாளி எண் மூன்று. பெண். வயது அறுபத்தேழு. எழுதப் படிக்கத் தெரியாதவர். தொழில், மீன் விற்பனை. கணவரை இழந்தவர்.

ஒரே பேனாவால் அம்மாவைப் பதினாறு வருடம் கிழவியாக்கி, பள்ளிச் சான்றிதழைக் கிழித்து, அப்பாவையும் அனுப்பிவைத்தேன்.

பதிவின் முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டு அறவாழி ஐயா தொலைபேசியில் பூரித்துப் போனார். "அருமையான தரவு! இந்த அம்மையாரை எங்கே கண்டுபிடித்தீர்கள்?"

"காசிமேட்டில் கண்டெடுத்தேன் ஐயா."

"முழுப் பதிவும் இருந்தால் அனுப்ப முடியுமா?"

பாராட்டு காதில் விழுந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. மீதிப் பதினாறு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கூடப் பார்க்காமல் முழுவதையும் அனுப்பிவைத்தேன். எதற்குப் பயப்பட வேண்டும்? சொற்பொழிவு நடப்பது பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடத்தில். அம்மா அங்கே வரப்போவதே இல்லை.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கருத்தரங்கக் கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. துறைத்தலைவர் அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நல்லதாப் போச்சு! மக்களைப் பத்திப் பேசறதை மக்கள்கிட்டயே போய்ப் பேசுவோம். ராயபுரத்துல ஒரு கோயில் மண்டபம் கேட்டிருக்கேன், ஃபாதர் சரின்னுட்டார்."

என் அம்மா தையல் வகுப்பு எடுக்கும் அதே மண்டபம்.

"அம்மா, அங்கே மீன் வாடை வீசுமே..."

"அதனால என்ன? நம்ம கூடத்துல எலி வாடை வீசலையா?"

"கூட்டம் வராது அம்மா."

"இங்க மட்டும் வருதா?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார். பல்கலைக்கழகத்திலிருந்து பெரியவர்கள் வந்து நம் மொழியைப் பற்றிப் பேசப் போகிறார்கள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வாருங்கள் என்றார். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த அம்மா என் விலாவில் ஒரு இடி இடித்தார்.

"உன் காலேஜா? இன்னாடி, என்னாண்ட சொல்லவே இல்ல?"

"மறந்துட்டேம்மா. ரொம்ப போரா இருக்கும். நீ வராத."

"எம் பொண்ணு மேடையில பேசும், நான் வராம வூட்ல குந்திகினு இருப்பனா? தெருவையே இஸ்துகினு வரேன் பாரு."

சொன்னபடியே தெருவையே இழுத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை நாலரை மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. துறையின் வரலாற்றில் ஒரு சொற்பொழிவுக்கு நாற்காலி போதாமல் போனது அன்றுதான். முதல் வரிசையில் கல்யாணப் பட்டுச்சேலையில் அம்மா. ஒரு பக்கம் அப்பா, வேலை முடித்து நேராக வந்திருந்தார். மறு பக்கம் கோயில் பாடற்குழுவின் தலைவி ஸ்டெல்லாக்கா. பின்னால் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கடையை மூடிவிட்டு வந்திருந்தார். துறைத்தலைவர் அம்மா கண் கலங்காத குறை.

நான் மேடையேறினேன். "மாண்புசால் பேராசிரியப் பெருந்தகை அவர்களே! அலைகடல் தாலாட்டும் இத்திருநகர்ப் பெருமக்களே!"

முன்வரிசையில் ஸ்டெல்லாக்கா அம்மாவிடம் குனிந்து கேட்டது மேடைக்கே கேட்டது. "இன்னா பிலோமி, ஒடம்பு கிடம்பு சரியில்லயா புள்ளைக்கு? ஒரு மாரி பேசுது?"

அறவாழி ஐயா நல்ல பேச்சாளர். 'கீது' எப்படி வந்தது, 'வந்துகினு' என்பதில் என்ன இலக்கணம் இருக்கிறது என்று விளக்கினார். கூட்டம் ரசித்தது. அவர் 'இஸ்துகினு' என்பதை அழுத்தித் திருத்தமாக உச்சரிக்க, பின்னாலிருந்து பத்துப் பேர் திருத்தினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இவ்வழக்கில் மரியாதைச் சொற்கள் அருகியே காணப்படுகின்றன." அம்மாவின் புருவம் லேசாக உயர்ந்ததை நான் மட்டும் கவனித்தேன்.

பிறகு திரையில் அந்தப் படிவம் பெரிய எழுத்தில் விழுந்தது. தகவலாளி எண் மூன்று. வயது அறுபத்தேழு. எழுதப் படிக்கத் தெரியாதவர். கணவரை இழந்தவர்.

"ஐயோ பாவம்" என்றார் அப்பா.

ஒலிபெருக்கியில் குரல் எழுந்தது.

"அந்த ஷேர் ஆட்டோக்காரன் கீறானே, எட்டு பேர் குந்துற எடத்துல பதிமூணு பேர அடச்சிகினு, இன்னும் ஒரு ஆளு, இன்னும் ஒரு ஆளுன்றான். எம் மடி மேல ஒரு அம்மா, அந்தம்மா மடி மேல ஒரு தூக்கு, தூக்குல சாம்பாரு. நான் இன்னா மனுசியா, ஸ்டூலா?"

கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பவருக்கு உடனே பிடிபடாது. ஆனால் தெருவுக்குப் பிடிபட்டுவிட்டது. முப்பது தலைகள் அம்மா பக்கம் திரும்பின.

குரல் தொடர்ந்தது. "நம்ம ஸ்டெல்லா கீறாளே, ஈஸ்டருக்கு ஒரு பாட்டு எடுத்தா பாரு. ஆண்டவரு மூணாம் நாளு எயுந்தாரு. இவ பாட்டக் கேட்டிருந்தா ரெண்டாம் நாளே எயுந்து ஓடியிருப்பாரு."

ஸ்டெல்லாக்கா மெல்லத் தன் நாற்காலியை அம்மாவிடமிருந்து ஓர் அடி நகர்த்தினார். இரும்பு நாற்காலி. கிரீச்சென்றது.

நிறுத்தியாக வேண்டும். மேடை ஓரத்தில் நின்றிருந்த நான் பாய்ந்து, சுவரிலிருந்த மின்கம்பியைப் பிடுங்கினேன். ஆனால் அது தரையில் நிற்கும் பெரிய மின்விசிறியின் கம்பி. அது நின்றதும் அதுவரை இரைச்சலில் கொஞ்சம் மங்கியிருந்த அம்மாவின் குரல் மணியடித்தாற்போல் தெளிவாக ஒலித்தது.

"அண்ணாச்சி கீறாரே, புதுசா வந்த அப்பளம்னு குடுக்குறாரு. எண்ணெயில போட்டா அப்டியே படுத்துகினு கீது. எங் கல்யாணத்தப்ப வந்த சரக்கா இருக்கும்."

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டிய?" என்று அண்ணாச்சி எழுந்தே விட்டார்.

அடுத்து வந்ததுதான் என் பங்கு. "ஏய் ரோஸி, போன இன்னாத்துக்குடி எம் மூஞ்சாண்ட நீட்டிகினு கீற? மூணு நாளா அதே நைட்டிய மாட்டிகினு கீற, போய் குளிடி மொதல்ல!"

பதிலுக்கு என் குரல், மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும்: "ஐய, சும்மா டைம் பாத்துகினு கீறேம்மா, நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ற? அப்பால இன்னா ஆச்சி, அத்த சொல்லு!"

அறவாழி ஐயா அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, விரலை உயர்த்தினார். "இந்த இரண்டாவது குரலைக் கவனியுங்கள். தகவலாளியின் மகளாக இருக்கலாம். கல்விக்கூடத்தின் நிழலே படாத தூய வழக்கு!"

என் குரலை அவர் அடையாளம் காணவில்லை. காணாதபடிதானே நான்கு வருடம் பாடுபட்டிருந்தேன்.

அம்மா எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். திரையைப் பார்த்து, தையல் வகுப்பில் அளவு வாசிப்பதுபோல நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"எயுதப்... படிக்கத்... தெரியாதவர்."

பிறகு மேடையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சார், அது என் கொரலு. இதோ மேடையில நிக்கிதே, இதான் அந்தக் கல்வி நெயலு படாத பொண்ணு. வயசு அறுவத்தேழுன்னு போட்டுகீதே, யாருக்கு சார் அறுவத்தேழு? என்னப் பாத்தா அப்டியா கீது?"

"இல்லவே இல்லை அம்மா" என்றார் அறவாழி ஐயா அவசரமாக. (படித்தவர் படித்தவர்தான்.)

அப்பா கையைத் தூக்கினார். "சார், ஒரு டவுட்டு. நான் எப்ப சார் செத்தேன்?"

அதற்கு மேல் மண்டபம் தாங்கவில்லை. சிரிப்பில் கூரை பெயர்ந்தது. ஸ்டெல்லாக்காவே சிரித்துவிட்டார். நான் மட்டும் மின்விசிறியின் கம்பியைக் கையில் பிடித்தபடி, அதையே கழுத்தில் சுற்றிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். துறைத்தலைவர் அம்மா என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, "பாரிமுனையா?" என்று கேட்டார்.

அம்மா இன்னும் உட்காரவில்லை. "ஸ்டெல்லா, உம் மூஞ்சிக்கு நேரா சொல்லாதது என் தப்புதான், மன்ச்சிக்கோ. பாட்டப் பத்தி சொன்னது சொன்னதுதான்" என்று அந்தக் கணக்கை முடித்துவிட்டு, அறவாழி ஐயா பக்கம் திரும்பினார். "சார், மரியாதை கம்மின்னு சொன்னீங்களே. சொல்லுல தேடினா எப்டி சார் கெடைக்கும்? எங்களுக்கு மரியாதை கொரல்ல கீது."

அப்புறம் ஒரே 'இன்னா'வை வைத்துக்கொண்டு வித்தை காட்டினார். வாடிக்கைக்காரியிடம் சொல்லும் 'இன்னா', பாதிரியாரிடம் சொல்லும் 'இன்னா', ஷேர் ஆட்டோக்காரரிடம் சொல்லும் 'இன்னா', தாமதமாக வீடு திரும்பும் கணவரிடம் சொல்லும் 'இன்னா'. கடைசியைச் சொன்னபோது அப்பா பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். அறவாழி ஐயா குறிப்பேட்டை எடுத்து வேகமாக எழுத ஆரம்பித்தார். மீதிச் சொற்பொழிவை அம்மாதான் நடத்தினார். நன்றியுரை சொல்ல வேண்டிய நான், "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய மேடைப்பேச்சு அது.

வீட்டில் இரண்டு நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. சோறு போட்டார், தட்டை நகர்த்தினார், அவ்வளவுதான். அறுபத்தேழு வயது, விதவைக்கோலம், எல்லாவற்றையும் தெருவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடி, திரும்பாமலே கேட்டார்.

"காசிமேட்டுல கண்டெடுத்தேன்னு சொன்னியாமே. அந்த சார் சொன்னாரு. எம் பொண்ணுன்னு சொல்லிக்க எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா? எங்கம்மான்னு சொல்ல உனக்கு வாயி வரல."

எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு தமிழிலும் வரவில்லை. கிட்டே போய் உட்கார்ந்து, நூல் கோக்கத் தெரியாதவள் நூல் கோத்துக் கொடுத்தேன். நாலு தடவை தவறியது. ஐந்தாவது தடவை ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, "இதுகூட வரல, இன்னா பிஎச்டியோ" என்றார். அந்தத் திட்டில் எனக்கு உயிர் திரும்பியது.

மறுநாளே துறைத்தலைவரிடம் போய் முகவரியிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் தண்டனையாகப் புதுப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்து, அம்மாவிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்வி, தொழில், கணவர் (உயிருடன்) எல்லாவற்றையும் தன் கையாலேயே அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வயது என்ற இடத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினார். எனக்கு அப்போது இருபத்தேழு. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். துறையின் ஆவணத்தில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் அன்றிலிருந்து அம்மாவுக்குக் கைபேசி மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எங்கே ஒரு கைபேசி மேசைமேல் கிடந்தாலும், ஏதோ ஒரு பேராசிரியர் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று முடிவுகட்டி, உடனே இலக்கணத் தமிழுக்கு மாறிவிடுவார்.

இரண்டு வருடம் கழித்து, திருவொற்றியூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, சாதாரணமாக மேசைமேல் வைத்தார். அம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

"வாருங்கள் அம்மையீர். தேநீர் அருந்துகிறீர்களா? சிற்றுண்டி ஆயத்தமாக உள்ளது."

அந்த அம்மா திருதிருவென்று விழித்தார். கால் மணி நேரம் இப்படியே போனது. சமையலறைக் கதவோரம் நின்றிருந்த என் காதில், அவர் தன் கணவரிடம் கிசுகிசுத்தது விழுந்தது. "யோவ், ரொம்பப் படிச்ச குடும்பமா கீது. நமக்கு ஒத்து வராதுய்யா. மெதுவா எயுந்துக்கலாம் வா."

அப்பாதான் காப்பாற்றினார். "அம்மா, பயப்படாதீங்க. அந்தப் போன எடுத்து பையில போட்டுக்கங்க. தானா சரியாப் பூடும்."

அவர் ஒன்றும் புரியாமல் கைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டு மூடினார். அம்மா ஒரு பெருமூச்சுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்பாடா! இன்னா சம்மந்தி, இன்னும் வட துன்னாம குந்திகினு கீற? ஆறிப்பூடும், எடு!"

கல்யாணம் அந்த வடையில்தான் நிச்சயமானது. இந்தக் கதையை என் கணவர் விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், என் முன்னாலேயே. என் மாமியார் இன்றைக்கும் எங்கள் அம்மா வீட்டுக்குப் போனால், படியேறும் முன்பே கைபேசியை அணைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.